நாற்பத்து மூன்று பேர் வாங்கிய மலை

ஒரு சரக்கு விற்கவில்லை என்றால் கடைக்காரன் விலையைக் குறைப்பான். அதற்கும் மசியவில்லை என்றால் கடையைச் சாத்துவான். அரசாங்கத்துக்கு அந்த வசதி இல்லை. அது விசாரணைக் குழு போடும்.

மலைப்பகுதி மின்விளையாட்டு ஊக்குவிப்பு வாரியமும் அதைத்தான் செய்தது. இப்படி ஒரு வாரியம் இருப்பது உங்களுக்குத் தெரியாது. கொடைக்கானல்காரர்களுக்கே தெரியாது. ஏரிக்குப் போகிற ரோட்டில், ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடையின் மாடியில் இருந்தது. மலையில் பிறந்தவர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்ய வேண்டும், உலகம் அதை வாங்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பிறந்து ஏழு வருஷத்தில் வாரியம் ஒரே ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெயர் 'பதினெட்டாம் வளைவு'.

மே மாதம், மலர்க் கண்காட்சி தொடங்கிய அன்று, காலை பத்தரை மணிக்கு, டேலியாப் பூக்களால் செய்த மயிலுக்கு முன்னால் நின்று முக்கியப் பிரமுகர் ஒருவர் விளையாட்டுக்கு ரிப்பன் வெட்டினார். ஜனங்கள் மயிலோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு அந்த வருஷம் முழுக்க நாற்பத்து மூன்று பிரதி விற்றது. அதில் பதினொன்று, வாரிய ஊழியர்கள் சுற்றறிக்கைக்குப் பயந்து வாங்கியது.

விளையாட்டைச் செய்தவள் ஜென்சி, அட்டுவம்பட்டிக்காரி. படம் வரைந்தது அவள் தம்பி டிக்சன். ஆறு வருஷ வேலை. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை இது. ஆடுகிறவர் ஒரு ஆளாக மாறி மலைக்குள் போக வேண்டும். தேன் எடுக்கிறவராகலாம், எஸ்டேட் கங்காணியாகலாம், பள்ளிக்கூட விடுதியின் மேட்ரனாகலாம். வழியில் யாரிடம் என்ன பேசுகிறோமோ அதற்குத் தக்கபடி கதை திரும்பும். அடுக்கம் பாதையில் ஏறினால் ஒரு கதை, வில்பட்டி வழியே போனால் இன்னொன்று. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வசித்தார்கள். ஆளுக்கொரு பிழைப்பு, ஆளுக்கொரு பொய். சோலைக்குள் பனி ஏறுவதை மட்டும் டிக்சன் ஒரு வருஷம் வரைந்தான்.

இத்தனையும் உள்ளே இருந்தது. வாங்கிய நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. போக முடியவில்லை. அதற்குத்தான் விசாரணை.

வாரியத்தோடு ஜென்சி போட்ட ஒப்பந்தத்தில் பதினான்காவது பிரிவு என்று ஒன்று உண்டு. விளையாட்டு தோற்றால் காரணம் கண்டறியப்படும். தவறு, விளையாட்டைச் செய்தவர்கள் பேரில் என்றால் அது 'நிரந்தர முடக்கத்தில்' வைக்கப்படும். அதாவது பீரோவுக்குள் போய்விடும், செய்தவர்களும் அதைத் தொடக் கூடாது. தவறு அவர்கள் பேரில் இல்லையென்றால் அவர்களிடமே திருப்பித் தரப்படும். ஜென்சி அந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருந்தாள். திரும்பக் கிடைத்தால் போதும், கதவைத் திறந்துவிடலாம். ஒரு ஆளாவது உள்ளே போய் மலையைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

ஒருநபர் குழுவாக வந்தவர் காளீஸ்வரன். ஓய்வுபெற்ற கூடுதல் இயக்குநர். இதற்கு முன் ஒரு பாலம் ஏன் விழுந்தது, ஒரு கோழிப்பண்ணையில் ஏன் முட்டை குறைந்தது என்று இரண்டு விசாரணைகள் நடத்தி, இரண்டிலும் எந்த அதிகாரியும் காரணமில்லை என்று கண்டுபிடித்த அனுபவம் அவருக்கு இருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நடுநிலைக்கு அது உதவும் என்று வாரியம் கருதியது. திண்டுக்கல்லிலிருந்து குரங்குக் குல்லாயோடு வந்து இறங்கியவர் அதைக் கடைசி வரை கழற்றவில்லை. எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. தட்டச்சு செய்ய வில்பட்டியிலிருந்து சுமதி வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

முதல் சாட்சி ஜெயமுருகன், வாரியத்தின் உதவி இயக்குநர். விளையாட்டில் திருத்தங்கள் சொன்னவர் அவர்தான். ஏழு கோப்புகளோடு வந்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கோப்பு.

ஒருவரும் ஏன் உள்ளே போகவில்லை என்று காளீஸ்வரன் கேட்டார்.

"வெளியூர் வண்டி மலைக்கு வரணும்னா இ-பாஸ் வேணுங்க சார். விளையாட்டுல மலை இருக்கு. அப்ப அதுக்கும் பாஸ் வேணும்."

"ஆடுறவன் அவன் வீட்டுல உக்காந்துதானய்யா ஆடுறான்?"

"உக்காந்திருக்கிறது வீட்டுலங்க. போறது மலைக்கு."

காளீஸ்வரனுக்கு இது நியாயமாகப் பட்டது. குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே விளையாட்டின் வாசலில் ஒரு கேட். கேட்டுக்கு முன்னால் ஒரு வரிசை. பாஸ் கேட்டு விண்ணப்பிக்க வண்டி நம்பர் போட வேண்டும். கதாநாயகன் நடந்து வருகிறவன், வண்டி கிடையாது. அதற்கும் ஜெயமுருகன் வழி செய்திருந்தார். முதல் ஜன்னலில் 'வாகனமின்மைச் சான்று' வாங்கி, இரண்டாவது ஜன்னலில் கொடுத்தால் பாஸ். முதல் ஜன்னல் மூடிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். ஊழியர் ஒருவரே. நிஜமான மணிக் கணக்கில் ஆடுகிறவர் இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டும்.

அடுத்த கோப்பு பாட்டில். கதாநாயகன் இடுப்பில் காயம் ஆற்றும் பச்சிலைச் சாறு ஒரு சின்னப் பாட்டிலில் இருந்தது. மலையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. அது கண்ணாடி என்று ஜென்சி சொல்லிப் பார்த்தாள். படத்தில் தட்டிப் பார்க்க முடியாததால் பிளாஸ்டிக் என்றே கொள்ளப்பட்டது. தடை சின்னப் பாட்டிலுக்குத்தான், கேனுக்கு இல்லை. ஆகவே சாறு ஆறு லிட்டர் கேனுக்கு மாற்றப்பட்டது. கதாநாயகன் அதைத் தோளில் சுமந்துகொண்டு வரிசையில் நின்றான்.

அவ்வப்போது அங்கே ஒரு காட்டுமாடு வரும். விரட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால் வரிசையே கலைந்து ஓட வேண்டும். மாடு போன பின் முதலிலிருந்து நிற்க வேண்டும். இது மூன்றாவது கோப்பு.

அட்டைப்படத்துக்கும் ஒரு கோப்பு இருந்தது. சென்னையிலிருந்து வந்த விளம்பர ஆலோசகர் ஒருவர், இப்போதெல்லாம் துப்பாக்கிதான் ஃபேஷன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அட்டையில் ஒரு ஆள் பெரிய துப்பாக்கியோடு முறைத்தான். விளையாட்டுக்குள் துப்பாக்கியே கிடையாது. துப்பாக்கிக்கு ஆசைப்பட்டு வாங்கியவன் கேனோடு வரிசையில் நின்றான். கதைக்கு ஆசைப்படுகிறவன் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

"அட்டையில இருக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார் காளீஸ்வரன்.

"எழுதியிருக்கோம் சார். இன்னும் வரலை."

வெளியிட்ட தேதியைப் பற்றியும் கேட்கப்பட்டது. அதே நாளில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, உலகமே நான்கு வருஷமாகக் காத்துக் கிடந்த ஒரு பெரிய விளையாட்டை வெளியிட்டது. ஜென்சி ஆறு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். வேலையும் முடியவில்லை. உள்ளே சில பேருக்கு முகம் முதுகுப் பக்கம் இருந்தது. ஆனால் டேலியா மயில் ஆறு வாரம் தாங்காது. வாரியம் யோசித்து, அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தேதியைத் தள்ளிப் போடுமாறு கடிதம் எழுதியது. பதில் வரவில்லை. நினைவூட்டலும் அனுப்பப்பட்டது. முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அது அனுமதிக்கப்பட்டது.

ஜெயமுருகன் கோப்புகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஒரு தாள் குறையவில்லை. காளீஸ்வரனுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் ஜென்சி. அவளிடம் கோப்பு இல்லை. அதுவே அவளுக்கு எதிரான முதல் ஆதாரம்.

"ஏம்மா, இதுல ஜெயிக்கிறது எப்படி?"

"ஜெயிக்கிறதுன்னு தனியா ஒண்ணு இல்லைங்க சார். இருபத்தாறு முடிவு இருக்கு."

"இருபத்தாறுல எது சரி?"

"எல்லாம் சரிதான். எவன் எப்படி வாழுறானோ அப்படி முடியும்."

சாட்சிக்குத் தன் விளையாட்டின் முடிவு என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதச் சொன்னார் காளீஸ்வரன். சுமதி தட்டினாள். ஜென்சி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பீரோ கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கத்திலிருந்த டிக்சனுக்குப் பொறுக்கவில்லை. "நாங்க ஆறு வருசமா ஒரு மலையைச் செஞ்சோம் சார். இவங்க செஞ்சது ஒரு கேட்டு. எது ஓடலைன்னு பாருங்க" என்றான்.

"ஏலே, சும்மா இரு" என்றாள் ஜென்சி.

காளீஸ்வரன் கோபப்படவில்லை. சான்றுப் பொருளைப் பரிசீலிக்காமல் முடிவெடுப்பது முறையல்ல என்றார். தன் கையில் கம்பளி உறை இருப்பதால், சுமதி அந்த விளையாட்டை ஆடி, தினமும் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

முதல் நாள் அறிக்கை ஒரு வரி: வரிசையில் நிற்கிறேன். இரண்டாம் நாள் அரைப் பக்கம். வரிசையில் முன்னால் நிற்கிற சீனியம்மாள் என்கிற கேரட் வியாபாரி, புருஷன் கையெழுத்து மாறிப் போனதால் நான்காவது தடவையாக வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு முகம் முதுகுப் பக்கம் இருப்பதால் அவர் சுமதியைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பாஸ் வாங்க வந்து மூன்று வருஷம் ஆகிறது, எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது, ஆனாலும் இடத்தை விடப் பயமாக இருக்கிறது என்கிறார். மூன்றாம் நாள் நான்கு பக்கம்.

நான்காம் நாள் காளீஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுமதி பக்கத்தில் உட்கார்ந்தார். சீனியம்மாள் புருஷன் வந்தானா என்று கேட்டார். டீ ஆறியது. ஐந்தாம் நாள், ஜன்னலுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர் இருக்கும்போது காட்டுமாடு வந்தது. வரிசை கலைந்தது. காளீஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"நமக்கு முன்னாடி ரெண்டு பேருதானே. அந்தச் சீனியம்மாட்ட சொல்லு, அவளுக்குத் தெரியும்."

"சொன்னேன் சார். அவளே பின்னாடிதான் நிக்கிறா."

முப்பத்து நான்கு வருஷம் ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தவர் அவர். வெளிப்பக்கம் நின்றது அந்த வாரம்தான்.

அதற்குள் சுமதி இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். இரண்டாவது ஜன்னலில் என்ன பேசினால் வேலை நடக்கும் என்று இணையத்தில் தேடப் போனவள், ஒரு பெரிய கூட்டத்தில் போய் விழுந்தாள். விற்றது நாற்பத்து மூன்றுதான். ஆனால் ஒன்றை நூறாக நகலெடுத்து உலகம் பூராவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ அதைப் போனிலும் ஓடும்படி செய்துவிட்டார்கள். பின்லாந்தில் ஒரு குழு, நாகர்கோவிலில் ஒரு குழு. வாராவாரம் கூட்டம். எல்லோரும் வரிசையைப் பற்றியே பேசினார்கள்.

ஒரு பேராசிரியர், மனித வாழ்வின் காத்திருப்பை இவ்வளவு ஆழமாக எவரும் சொன்னதில்லை என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார். முதுகுப் பக்கம் திரும்பிய முகம், கடந்த காலத்தைப் பார்த்துக்கொண்டே எதிர்காலத்துக்கு நகரும் இன்றைய மனிதன். ஆறு லிட்டர் கேன், அவன் இறக்கி வைக்க முடியாத மனசாட்சி. அட்டையில் துப்பாக்கியைக் காட்டி உள்ளே கொடுக்காமல் விட்டது வன்முறைக்கு விழுந்த செருப்படி. காட்டுமாடு பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் ஏற்படவில்லை.

சுமதி இதைக் காட்டியபோது ஜென்சி நாற்பது பக்கத்தையும் படித்தாள். மலையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. எப்படி இருக்கும், ஒருவரும் பார்க்கவில்லையே. வரிசையில் நிற்கிறவர்களை அவள் எழுதியது வெளியீட்டுக்கு முந்தின வாரம், ஜெயமுருகன் மேல் இருந்த எரிச்சலில், சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஐந்து நாளில்.

"ஆறு வருசத்தை விட்டுட்டாங்க. அஞ்சு நாளைப் புடிச்சுக்கிட்டாங்க" என்றாள்.

காளீஸ்வரனின் அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. சாரம் இவ்வளவுதான். விளையாட்டுக்குள் ஒருவரும் போகவில்லை. போகாத இடத்தை மோசம் என்று சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. ஆகவே செய்தவர்கள் பேரில் தவறில்லை. வாரியம் விதிகளை ஒன்று விடாமல் பின்பற்றியிருக்கிறது. ஆகவே வாரியத்தின் பேரிலும் தவறில்லை. தவறு, உரிய காலத்தில் உரிய முறையில் வரிசையில் நிற்கத் தவறிய பொதுமக்களுடையது. அவர்கள் எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

விளையாட்டு திரும்ப வந்தது. ஜென்சி அன்று மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். போகும்போது காளீஸ்வரன் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், மேல்நடவடிக்கைக்காக.

அடுத்த நான்கு மாதம் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். முகங்களை முன்பக்கம் திருப்பினார்கள். கேன் மறுபடி சின்னப் பாட்டிலானது. அட்டையிலிருந்து துப்பாக்கி போய்ப் பனி வந்தது. வரிசை போனது, ஜன்னல் போனது, கேட்டே போனது. விளையாட்டைத் திறந்தால் நேரே அடுக்கம் பாதை. காலை வெளிச்சம், கையில் தேன் குடுவை.

பதினேழு பிரதி விற்றது.

கடிதங்கள் வந்து குவிந்தன. பின்லாந்துக் குழு இரண்டாக உடைந்தது. ஒரு பாதி ஜென்சியைத் துரோகி என்றது, இன்னொரு பாதி அவளை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்றது. பேராசிரியர், ஒரு மகத்தான படைப்பு வெறும் மலையாகச் சுருங்கிவிட்டது என்று வருத்தப்பட்டார். திண்டுக்கல்லிலிருந்து காளீஸ்வரன் தன் கைப்பட எழுதியிருந்தார். சீனியம்மாள் காரியம் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரிந்தால் போதுமாம்.

வரிசையைத் திரும்பப் போடலாம் என்றான் டிக்சன். முடியாது என்றாள் ஜென்சி. ஒரு வாரம் அக்காவும் தம்பியும் சோறு போடு என்பதற்கு மேலே பேசிக்கொள்ளவில்லை.

மே மாதம் ஒரு சோலியாக வத்தலக்குண்டு போய்விட்டுத் திரும்பும்போது, ஜென்சி வந்த பஸ் சோதனைச் சாவடிக்குக் கீழே இரண்டு வளைவு தள்ளி நின்றுவிட்டது. சீசன். மேலே கண்ணுக்கெட்டிய மட்டும் கார். அரை மணி பார்த்தாள். பிறகு இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

நடக்கும்போதுதான் பார்த்தாள். கார்களுக்குள் ஆளுக்கொரு போன். சின்னத் திரையில் கேட், ஜன்னல், கேன் சுமந்த ஆள். பழைய நகல். பாஸுக்காக ரோட்டில் நின்றவர்கள், பாஸுக்காக விளையாட்டிலும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கரூர்க் காருக்கு முன்னால் ரோடு காலியாகவே இருந்தது. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்துவிட்டன. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஓட்டுகிறவர் நிமிரவில்லை. பக்கத்தில் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போயிட்டாங்க, வண்டியை எடுங்க சார்" என்றாள் ஜென்சி.

"இருங்க, ரெண்டாவது ஜன்னல். மூணு நாளா நிக்கிறேன்."

ஜென்சி போகவில்லை. கார் ஜன்னலில் குனிந்தாள். இரண்டாவது ஜன்னலில் முத்திரை விழுந்தது. கேட் திறந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவள் கண்ணெதிரே, முதல் ஆள் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். அடுக்கம் பாதை. டிக்சன் ஒரு வருஷம் வரைந்த பனி, அடிவாரத்திலிருந்து சோலைக்குள் ஏறியது. தூரத்தில் தேன் எடுக்கிறவர்கள் பேசுகிற சத்தம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள்.

பத்து எண்ணுகிற நேரம் அவர் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. மலைதான்."

திரும்பி நடந்து, கேட்டுக்கு வெளியே வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். சீனியம்மாளிடம் சுகம் விசாரித்தார். அப்புறம்தான் வண்டியை எடுத்தார்.

ஜென்சி மிச்ச தூரத்தை நடந்தே முடித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"ஏலே டிக்சா, கேட்டை மறுபடி போடு. மூணாவது ஜன்னல் ஒண்ணும் வரைஞ்சிரு. அதுக்கு விதி எழுத நம்மளால ஆகாது. ஜெயமுருகன் சார் நம்பரைத் தேடிக் குடு, வெரசா."